ஹமீது பாய் உங்களைத் தேடி வருகிறார்

என் பிரியமுள்ள ராகவன் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. மாவு மில் ஹமீது பாய் போன வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். இந்நேரம் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். கண்டதும் உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்வார். எதற்கு என்று நீங்கள் திருதிருவென முழித்துவிடக் கூடாதே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி வெட்டிவிட்டேன்.

என் முடிதிருத்தும் கடை பெஞ்சில் உட்கார்ந்து வாராவாரம் துப்பறியும் தொடர்கதை எழுதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "மெட்ராஸ்ல நடக்குற கொலையெல்லாம் நமக்கு எதுக்குடா? நம்ம தேக்காவுல ஒண்ணு நடக்கட்டும்" என்றீர்கள். நடந்தது. மிளகாய்த்தூளில் விஷம், மூன்று பேர் சாவு. சந்து, ஆட்டிறைச்சிக் கடை, பச்சைக் கதவு போட்ட மாவு மில், எல்லாம் உள்ளது உள்ளபடி. யாரையும் மனதில் வைத்து நீங்கள் எழுதவில்லை, தெரியும். ஆனால் தேக்காவில் பச்சைக் கதவு மில் ஒன்றுதானே இருந்தது?

பாதிக் கதையிலேயே சனங்கள் மிளகாயைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள். "கதைதான், இருந்தாலும் எதுக்கு வம்பு லா?" என்றார்கள். பாய்க்குப் படிக்க வராது. பத்திரிகை வரும் நாளில் என் கடைக்கு வந்து, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

"கடைசில நான்தானா தம்பி அது?"

"வெறும் கதை பாய்."

"கதைன்னா என் கதவ ஏன் எழுதுறாரு?"

இதை உங்களிடம் சொன்னேன். "முடிவு வரைக்கும் பொறுடா" என்று சிரித்தீர்கள். கடைசி அத்தியாயத்தை அச்சகத்தில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்த மறுநாளே மார்வலியில் போய்விட்டீர்கள். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து உறையைப் பிரித்தேன். கொலைகாரன் மில்காரன்தான்.

அண்ணே, அன்று உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் மாற்றியிருப்பீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

நானே மாற்றினேன். மில்லில் அரைத்த தூள் பொட்டலத்தை என் கடை பெஞ்சில் வைத்துவிட்டு முடிவெட்ட உட்காருகிறார்கள் அல்லவா, அந்தப் பொட்டலத்தில் விஷம் கலந்தவன் முடிதிருத்துகிறவன் என்று எழுதினேன். அண்ணன் காய்ச்சலில் எழுதினார், அதனால்தான் எழுத்து கோணல் என்று அச்சகத்தில் சொன்னேன். உங்கள் பெயரிலேயே வந்தது.

ஒரு வாரத்தில் மில் பழையபடி ஓடியது. என் கடையில்தான் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "தப்பா நினைக்காதீங்கண்ணே" என்று வேறு சொல்வார்கள். கத்தியைத் தீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிப்பும் வந்தது, வலிக்கவும் செய்தது.

முடிவை வாசித்த அன்று பாய் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "சாகப்போற நேரத்துலயும் அந்த மனுசன் என் பொழைப்ப நெனச்சுப் பாத்திருக்காரே தம்பி!" அன்றிலிருந்து பதினோரு வருடம், தொழும்போதெல்லாம் உங்களுக்காகத் துஆ கேட்டார். அவர் இருக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது தேக்கா ஆட்கள் பாதிப் பேர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இனி ஊருக்கே தெரியட்டும். அவருக்கு மட்டும் வேண்டாம்.

அவர் கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே. மறுத்து ஒரு வார்த்தை பேசாதீர்கள். உங்கள் கதையில் கைவைத்தது நான்தான். வந்து உங்கள் முன்னால் நிற்பேன், இது சத்தியம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவர் காதில் மட்டும் விழாமல் திட்டுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கொலைகாரன்,
உங்கள் தம்பி கோவிந்தன்.