நீலச் சட்டை

அன்புள்ள அம்மாவுக்குக் கும்பிட்டு எழுதறேன். முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

லீவு நாள்ல, அறைக்குப் புதுசா வந்த வெல்டர் அண்ணனோட ஊர் சுத்திப் பார்க்கப் போனேன். உயரமான கோபுரத்து உச்சியில, கண்ணாடிச் சுவர்ல யாரோ கைவச்ச அழுக்கு. தினமும் கண்ணாடி துடைக்கிற கை சும்மா இருக்குமா? கைக்குட்டையால துடைச்சிட்டேன். உடனே பக்கத்துல நின்ன ஒரு அம்மா, தன் பக்கத்து அழுக்கையும் விரல் நீட்டிக் காட்டினாங்க. அதையும் துடைச்சேன்.

"டிக்கெட் எடுத்துட்டு வந்து வேலை பார்க்கிற ஆளு நீதான்டா"ன்னு அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சு வச்சேன்.

அந்த அம்மா மேல தப்பில்ல. நான் யூனிஃபார்ம்ல நிக்கிற போட்டோவைப் பார்த்து, எனக்கு எடுப்பா இருக்குன்னு அதே நீலத்துல நீ எடுத்து அனுப்பின சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. அடுத்த தடவை வேற எந்த நிறமானாலும் சரி, அனுப்பும்மா.

உன் மகன்