இரண்டாவது கையெழுத்து

நாள் 412, 09:10
சனியின் நிலவான டைட்டனில் எங்கள் தளம். எழுதுவது திரவியம். இங்கே ஆள் இரண்டே பேர்: நானும் வல்லியும். வல்லி இன்று அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீத்தேன் ஏரிக்கு வண்டியில் போகிறாள். வெளியே மைனஸ் 179. வழக்கமான நாள்.

என் வேலை 'சொளகு'. நாங்கள் தட்டும் கட்டளைகளை முறம்போலப் புடைத்துப் பிரித்து எந்திரங்களுக்குச் சொல்லும் குட்டி மென்பொருள் லைப்ரரி. ஆயிரம் வரிகூடத் தேறாது, ஆனால் வால்வு முதல் வண்டி வரை எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. புரியாத சொல் வந்தால் வெர்ஷன் 3 கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். அந்த மெத்தனம் எனக்குப் பிடிக்காது. வெர்ஷன் 4 அங்கேயே நின்றுவிடும்.

09:32
எதை வெளியிடவும் எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும். வல்லி உடையை மாட்டிக்கொண்டே மூன்று நிமிடத்தில் போட்டுவிட்டாள். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும். நேரமாச்சு, வாரேன்." 4.0 வெளியானது. எல்லா எந்திரங்களும் வாங்கிக்கொண்டன. காபி போட்டு நானே கொண்டாடினேன்.

13:40
வண்டியின் சூடேற்றி அணைந்தது, திரும்ப எழவில்லை. காரணம் தெரிந்துவிட்டது. எப்போதோ கழற்றிய ஒரு பாகத்தின் பெயர் அதன் தொடக்கக் கட்டளையில் மிச்சம் இருக்கிறது. 3 அதைத் தாண்டியது, 4 நிற்கிறது. அந்தக் கட்டளை கணினிச் சில்லுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. கையால் மாற்ற முடியாது. சக்கர மோட்டார் உறைந்துவிட்டது. இங்கே நிற்கும் இன்னொரு வண்டிக்கும் இதே கதி, போய்க் கூட்டிவர வழியில்லை. பூமியிடம் கேட்டால் பதில் வர மூன்று மணி நேரம். அவள் உடையின் பேட்டரியும் அவ்வளவுதான் தாங்கும்.

வண்டியில் சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டவன் நான்.

14:05
பழைய 3-க்கே 4.0.1 என்று பெயர் வைத்து அனுப்பினேன். வல்லி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.
"காலைல வால்வு கட்டளையெல்லாம் 4-க்குன்னு மாத்தி எழுதுனேல்ல? அந்தப் புதுச் சொல்லு எதுவும் 3-க்குத் தெரியாது. தாண்டிப் போயிரும். உன் ரூம் வால்வு மூடாது, வெளி வாயு உள்ள வந்துரும். செத்துருவ."
உண்மைதான். எனக்குத் தோன்றவே இல்லை.

15:50
புதிதாக எழுதினேன். சூடேற்றிக்கு மட்டும் 4-இலிருந்து விலக்கு, அது பழைய 3-இன்படியே ஓடும். நாற்பத்தோரு வரி. படிக்காமல் போட்டுவிடு என்று கெஞ்சினேன்.
"போன தடவ படிக்காமத்தான் போட்டேன். அதான் இங்க வெறைச்சுக் கெடக்கேன். இரு, படிக்கேன்."

16:12
பதினொன்றாம் வரியில் நிறுத்தினாள். அவசரத்தில் விலக்கை எல்லா எந்திரங்களுக்கும் கொடுத்திருக்கிறேன். மறுபடி அதே வால்வு. திருத்தி அனுப்பினேன். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறாள். அடிப்பாவி, போட்டுத் தொலையேன்!

16:34
குரல் குழறுகிறது.
"இருபத்தெட்டு... வெரலு அசையல, திரவியம். நீ பேசிக்கிட்டே இரு."
பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

16:51
கையெழுத்து வந்துவிட்டது! 4.0.1 வெளியானது. கூடவே அவள் குறிப்பு: "முழுசாப் படிச்சேன். சரியா இருக்கு. 38-க்குக் கீழ ஒரு வெத்து வரி கெடக்கு. அடுத்ததுல எடுத்துரு."

16:53
சூடேற்றி எழுந்தது. வண்டிக்குள் மைனஸ் 61.

17:20
மைனஸ் 4. கூப்பிட்டேன். பதில் இல்லை.

17:48
பிளஸ் 22. வல்லி, வண்டி கதகதப்பாகிவிட்டது. பேசு.

19:15
பிளஸ் 22.
4.0.2 தயார். அந்த வெற்று வரியை எடுத்துவிட்டேன். வேறெதையும் தொடவில்லை. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். திரையில் 'இன்னொரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது' என்று காட்டுகிறது. அவசரமில்லை, வல்லி. நிதானமாகப் படி. முதல் வரியிலிருந்தே படி