பௌர்ணமியன்று அடி அண்ணாமலைக்குப் போன கேக்

பெரிய மருமகளாக வந்து, சின்ன மருமகளான என்னைக் கூடப்பிறந்தவளாகவே ஆக்கிக்கொண்ட என் வசந்தாக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று காரியத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. சாப்பிடுகிறேன், துணி துவைக்கிறேன், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்கிறேன். எதிலும் மனசு ஒட்டவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஓவனை மட்டும் தொடாமல் இருந்தேன். வேலூரில் வாங்கி, பஸ்ஸில் ரெண்டு பேர் மடியிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தோமே, அந்த வட்ட ஓவன். ஆர்டர் பிடிப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது, வாய் பேசுவது எல்லாம் நீ. மாவு கலக்குவதும் வேகவைப்பதும் நான். ஊரில் அதற்குப் பெயர் வசந்தா கேக். அது சரிதான் என்றே எனக்குப் பட்டது. நீ சிரித்துக்கொண்டே நீட்டினால் யார்தான் வாங்க மாட்டார்கள்? நானோ, வெந்ததா வெந்ததா என்று நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்து, உப்பி வந்ததை அமுங்க வைக்கிற ஆள். "உன்னை நம்பலைன்னா போவுது, மாவையாவது நம்புடி" என்று திட்டி என்னைக் கொல்லைப்பக்கம் துரத்துவாய்.

நீ போன பிறகு கேக் கேட்டு வந்தவர்களிடம், "துக்க வீடுங்க, வருஷம் திரும்பற வரைக்கும் இனிப்பு செய்யக்கூடாது" என்றேன். யாரும் மறுபேச்சு பேசவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். சம்பிரதாயம் எல்லாம் சாக்கு. எனக்குப் பயம். நீ இல்லாமல் நான் செய்ததை யார் வாங்குவார்கள்? செய்யாமலே இருந்துவிட்டால் தோற்றேன் என்றும் யாரும் சொல்ல முடியாதே. உன் சாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன் அக்கா.

போன மாதம் மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையிலிருந்து டெய்லர் கலாவதி போன் செய்தார். மகளுக்குப் பிறந்தநாள், ஒரு கிலோ கேக். நான் குளித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்த மாமா, "சரிங்க, வியாழக்கிழமை வந்துடும்" என்று சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர்தான்! மளிகை லிஸ்ட்டைக்கூட உன் மூலமாகவே என்னிடம் கேட்கிற மனிதர். ஒப்புக்கொண்டதை மாற்றச் சொல்ல முடியாமல் மாவு டப்பாவை எடுத்து வைத்தேன்.

அந்த வியாழக்கிழமை பௌர்ணமி. திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்த ரெண்டு பேருக்கு அது தெரியவில்லை என்றால் நம்புவாயா? காலண்டர் தாளைத் தினமும் கிழிப்பது நீதானே. நீ போன தேதியிலேயே அது தொங்கிக்கொண்டிருக்கிறது.

காலையில் கேக்கை வைத்தேன். துரத்த ஆளில்லாததால் நானே கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நன்றாகத்தான் உப்பியிருந்தது, ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சாய்வு. மத்தியானம் ஆட்டோ பிடிக்கப் போன மாமா வெறும் கையோடு திரும்பி வந்தார்.

"பௌர்ணமிம்மா. ரோடு பூரா ஜனம். வண்டி எதுவும் விடல."

"நடந்துடலாங்க மாமா" என்றேன். அதை நானா சொன்னேன் என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

வடக்குப் பக்கமாகப் போனால் தூரம் கம்மி. ஆனால் பௌர்ணமியன்று கூட்டத்துக்கு எதிரில் யார் நடப்பார்கள்? கிரிவலம் போகிறவர்களோடு மலையைச் சுற்றிக்கொண்டே போனோம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல். பெட்டியை மாமா நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வழியில் ஒரு அம்மா கையை நீட்டி, "என்ன பிரசாதம் சாமி?" என்று கேட்டார். "கேக்குங்க" என்றார் மாமா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நீ இருந்திருந்தால் நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்திருப்பாய். இது சிரிக்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை.

கலாவதி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். பிறந்தநாள் வீட்டுக்குள் சாவு வீட்டுக் கேக்கை எடுத்துக்கொண்டு எப்படி நுழைவது?

"முதல்லயே சொல்லிடறேங்க. எங்க வீட்ல இன்னும் வருஷம் திரும்பல. வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறோம்."

"எனக்குத் தெரியாதா? காரியத்துக்கு வந்தேனே" என்றார் கலாவதி. "வசந்தா எத்தினி தபா சொல்லியிருக்கா, எனக்கு முட்டை அடிக்கக்கூட வராது, எல்லாம் மஞ்சுளா கைதான், நான் கொண்டாந்து குடுக்கறதோட சரின்னு. அதான் உங்க வீட்டுக்கே போன் போட்டேன். உள்ள வாங்க, புள்ளைங்கல்லாம் காத்துனு இருக்குதுங்க."

மாமா பெட்டியை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "வீட்லயும் அதான் சொல்லுவா" என்றார்.

ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். கட்டின புருஷனிடமும் சொல்லியிருக்கிறாய். பக்கத்தில் நின்று மாவு கலக்கிய என்னிடம் ஏன் ஒருதரம்கூடச் சொல்லவில்லை? எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்றா? இல்லை, எனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தாயா? நீ போனதிலிருந்து முதல்முறையாக எனக்குள் ஏதோ வந்தது. அழுகை இல்லை, கோபம். உன்மேல் நல்ல கோபம். திரும்பி வரும்போது வழியெல்லாம் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஆர்டர் வந்தது. மூன்றுக்கும் மாமாவையே பேச வைத்தேன். பயம் இன்னும் போகவில்லை.

ஆனால் இது என் சத்தியம். இனிமேல் போன் அடித்தால் நான்தான் எடுப்பேன். "வசந்தா கேக்குங்களா?" என்றுதான் கேட்பார்கள். "செய்யறது மஞ்சுளாங்க, என்ன வேணும் சொல்லுங்க" என்று சொல்லப்போகிறேன். வசந்தா எங்கே என்று அடுத்துக் கேட்பார்கள். நீ இல்லை என்பதை என் வாயால், அவர்கள் ஒவ்வொருத்தரிடமும், சொல்லியாக வேண்டும். சொல்கிறேன் அக்கா.

இப்படிக்கு,
ஒரே சமையற்கட்டில் உன்னோடு பதினோரு வருஷம் நின்ற உன் ஓரகத்தி,
மஞ்சுளா