மிளகுக் கொடிக்கு மருந்து ஊற்றியவன்

பங்குனி 18, செவ்வாய், இரவு.

பெரும்பாறையில் நான் மைக்கைப் பிடித்தால் மலையேறும் பஸ்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். பெரிய தலைவர்களே மேடையில் எதிராளியைத் திருடன், கொலைகாரன் என்கிறார்கள், மாலை விழுகிறது. நானும் இன்று எதிர்க்கட்சியில் நிற்கும் செல்லையாவைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவியின் அண்ணன்தான். ஆனாலும் தேர்தல் தேர்தல்தானே.

"பாண்டி தோட்டத்து மிளகுக் கொடிக்கெல்லாம் ராத்திரியில மருந்து ஊத்திக் கொன்னது இந்தச் செல்லையாதான், என் கண்ணால பார்த்தேன்!" என்றேன். கொடிகள் பட்டுப்போனது வாடல் நோயில். ஆனால் அதைச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

கைதட்டல் அடங்குவதற்குள், கூட்டத்தில் நின்ற பாண்டி, எதிரே ஓட்டுக் கேட்டு வந்து நின்ற ஜீப்பிலிருந்து செல்லையாவை இழுத்துப் போட்டான். அரிவாள் இரண்டு முறை இறங்கியது. வலது கை முழங்கையில் தொங்கிவிட்டது. நான் பாய்ந்து தடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. மைக்கைக்கூட நான் கீழே வைக்கவில்லை.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் பிழைப்பானா என்று இன்னும் சொல்லவில்லை. மனைவி அங்கேதான் இருக்கிறாள்.

சற்றுமுன் பாண்டி கொல்லைப்பக்கமாக வந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"மாமா, நெசமாவே பார்த்தீங்கள்ல?" என்றான்.

"ஏலே, பார்க்காமயா சொல்வேன்? ஊத்தும்போது அவன் சிரிச்சதையும் பார்த்தேன்" என்றேன்.