கட்டை பிடிக்கிற மடக்குத் தாங்கி

3.8.94 புதன்
காத்துக்கு விழுந்த வேம்பு வீட்டு வளவுக்குக் குறுக்கே கிடக்குது. முந்தி நான் கட்டையை மிதிச்சுப் பிடிப்பன், இவர் மரவாளால் அரிவார். இவர் செத்து மூண்டு மாதம். இண்டைக்கு நானே மிதிச்சு நானே அரிஞ்சு பாத்தன். கட்டை உருண்டு முழங்கால் தோல் போச்சு.

5.8.94
என்ரை கூடப்பிறந்த சிவராசா அண்ணை விசுவமடுவிலை இருந்து வந்தார். "விறகு அரியக்கூட ஆளில்லை. தனிய என்னெண்டு இருக்கப் போறாய்? எங்களோடை வா." இது நானும் இவரும் காடு வெட்டின வளவு. வரமாட்டன் எண்டன். "அப்ப மழைக்கு முன்னம் இந்த மரத்தை விறகாக்கி அடுக்கு, பாப்பம். மாதக் கடைசியிலை வருவன். மரம் கிடந்துதோ, உன்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போயிடுவன்." பகிடி மாதிரித்தான் சொன்னார். பகிடி இல்லை.

6.8.94
கட்டையைப் பிடிக்க ஆள்தான் வேணுமோ? பெருக்கல் அடையாளம் மாதிரிக் கால் ரெண்டு சோடி நிண்டால் அதுக்கு மேலை கட்டை படுக்கும். ஆனால் வெளியிலை விட்டால் கறையான் திண்டிடும், கொட்டிலுக்குள்ளை இடமில்லை. மடிக்க வேணும். வீட்டிலை மடியிற சாமான் என்ன இருக்கு?

7.8.94
சாக்குக் கட்டில். இவர் காய்ச்சலோடை கடைசியாக் கிடந்தது. தொட மனமில்லை.

9.8.94
தொட்டன். விரிச்சன், மடிச்சன், திரும்ப விரிச்சன். நான் அழுறன் எண்டு நினைச்சுப் பக்கத்து வளவு நாகேஸ்வரி அக்கா ஓடி வந்தா. நான் குனிஞ்சு போல்டைப் பாத்துக்கொண்டிருந்தன். ரெண்டு காலும் ஒரு போல்டிலைதான் சுத்துது! பதினொரு வருசம் படுத்தெழும்பியும் ஒருநாளும் பாக்கேல்லை.

12.8.94
கதவுக்கு வாங்கி மிஞ்சின சட்டத்திலை நாலு கால் அறுத்தன். கம்பியைக் காய்ச்சித் துளை போட்டன். கடையிலை போல்ட் இல்லை, இரும்புச் சாமானுக்கு அரசாங்கத் தடையாம். கட்டிலிலை இருந்த ரெண்டையும் கழட்டினன்.

14.8.94
ரெண்டு சோடியையும் குறுக்குச் சட்டத்தாலை இணைச்சு, கட்டையை வைச்சன். கால் நாலும் விரிஞ்சு நிலத்திலை படுத்திட்டுது. "இதென்னடி, தண்ணி காணாத மாடு மாதிரி" எண்டு அக்கா சிரிச்சா. எனக்குக் கோவம். கட்டில் ஏன் அப்பிடிப் படுக்கேல்லை? எவ்வளவு பாரமான மனுசன் கிடந்தவர்!

15.8.94
சாக்கு! மேலை ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சது சாக்குத்தான். எனக்குக் கயிறே போதும். கீழே காலுக்குக் காலைக் கட்டினன் — நிக்குது.

18.8.94
ஒம்பது துண்டு.

25.8.94
கொப்பெல்லாம் முடிஞ்சுது. அடிமரம் பாரம், அக்கா ஒரு முனை தூக்கித் தந்தா. அரிஞ்சது நான்.

28.8.94 ஞாயிறு
அண்ணை வந்தார். நான் இருந்து வரவெண்டு கரியரிலை தலையணையும் கட்டிக்கொண்டு. விறகு அடுக்கைச் சுத்திப் பாத்தார். தாங்கியை மடிச்சார், விரிச்சார், குனிஞ்சு பாத்தார். தேத்தண்ணி ஆறிப்போச்சு. பிறகு கேட்டார்: "என்ரை வளவிலையும் ஒரு வாகை விழுந்து கிடக்கு. இதை ரெண்டு நாளைக்குத் தாவன்."

தலையணையை அவிட்டு என்ரை கையிலை தந்திட்டு, அந்த இடத்திலை தாங்கியைக் கட்டினார்.

வாசல் படலை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டன்: "வியாழக்கிழமை கொண்டுவந்திடுங்கோ அண்ணை. எனக்கு அடுப்படிக்குக் கதவு செய்யப் பலகை அரிய வேணும்."