ஆறு கறுப்புப் பொத்தான்கள்

பிப்ரவரி 9

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்; புரியாததையும் மறைக்க மாட்டேன். முதல் உண்மை: எனக்கு அணு புரியவில்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நானும், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெஞ்சுக்காரியும் கார்பன் அணு மாதிரி செய்கிறோம். அம்மாவின் தையல் கடைப் பொத்தான்கள்தான் எல்லாம். புரோட்டானுக்கு ஆறு சிவப்பு, நியூட்ரானுக்கு ஆறு வெள்ளை, எலக்ட்ரானுக்கு ஆறு கறுப்பு. பெஞ்சுக்காரி போன பரீட்சையில் அறிவியலில் தேறவில்லை. இதில் இருபதுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் என்னோடு அடுத்த வகுப்புக்கு வருவாள்.

பிப்ரவரி 11

சிவப்பையும் வெள்ளையையும் உருண்டையாக ஒட்டினோம். அணுக்கரு, குறுக்களவு நாலு சென்டிமீட்டர். கறுப்பைக் கம்பி வளையங்களில் கோத்தோம்: உள்ளே இரண்டு, வெளியே நாலு. அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12

நூலகத்துப் புத்தகம் குழப்பிவிட்டது. அணு, தன் கருவைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் பெரியதாம். கணக்குப் போட்டேன்: எங்கள் அணுவின் குறுக்களவு எண்ணூறு மீட்டர், கருவிலிருந்து விளிம்புக்கு அதில் பாதி. எங்கள் எலக்ட்ரான்கள் நானூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் — பள்ளியிலிருந்து அம்மா கடை வரை! நடுவில்? ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லாததை எதில் செய்வது?

அறிவியல் சாரிடம் கேட்டேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா."

பிப்ரவரி 13

நம் கம்பி பொய் சொல்கிறது என்று பெஞ்சுக்காரியிடம் சொன்னேன்.

"உனக்கென்னடி, நீ எப்படியும் பாஸ். கம்பிய கழட்டிட்டா நான் எதக் காட்டிப் பேசுறது?"

சரிதானே? நான் எதற்கு வாயைத் திறந்தேன்?

பிப்ரவரி 14

அவளே என்னைப் பள்ளி வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அறுநூறு காலடி எண்ணி அம்மா கடையில் நின்று திரும்பிப் பார்த்தாள். "இவ்ளோவுமா காலி?" என்றாள். பிறகு, கையோடு கொண்டுவந்த கம்பி வளையங்களிலிருந்து கறுப்புப் பொத்தான்களை உருவி, அம்மாவின் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

நாளைதான் கண்காட்சி.

பிப்ரவரி 15

மேசையில் கரு மட்டும். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நடுவர் வந்து, மீதி எங்கே என்றார். பெஞ்சுக்காரி ஜன்னலைக் காட்டினாள்.

"தெருக்கோடில தையல் கடை தெரியுது பாருங்க, அங்க இருக்கு சார். நடுவுல ஒண்ணுமே இல்ல. நான் நடந்தே பாத்தேன்."

நடுவர் ஜன்னலருகே போய்க் கண்ணைச் சுருக்கிக் கடையைத் தேடினார்.

இருபதுக்குப் பதினெட்டு!

பொத்தான்களை எடுக்கக் கடைக்கு ஓடினோம். காணோம். "அதுவா? யாரோ சட்டைக்குப் பொத்தான் கேட்டாங்க, தெச்சுக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. யாரென்று அவளுக்கு நினைவில்லை.

எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. புரியாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தேன். இப்போதும் புரிந்ததா என்று தெரியவில்லை. பெஞ்சுக்காரி கடை வாசலில் நின்று, போகிறவர்களின் சட்டைகளை உற்றுப் பார்க்கிறாள். நானும் போய் நிற்க வேண்டும். அம்மா கடை விளக்கை அணைத்துவிட்டாள்.