கிண்ணத்தில் ஒட்டாத கலங்கள்

செவ்வாய், பெப். 6, 1996

உறைகுளிர். பஸ் பிந்தியது. ஆய்வுகூடத்தில் கிண்ணங்களைத் திறந்தால் எல்லாம் செத்து மிதக்கின்றன. மறுபடியும்.

இரத்தக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் (செல்கள்) இவை. வழக்கமாகக் கன்றுக்குட்டி இரத்தத்தின் சீரம் ஊற்றுவோம், பிழைத்துக்கொள்ளும். சீரத்தில் எது காப்பாற்றுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சீரத்தை நிறுத்திவிட்டு, இரத்தப் பிளாஸ்மாவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது என் யோசனை. பேராசிரியர் திங்கள் வரை தவணை தந்திருக்கிறார். பிறகு பழையபடி சீரம்தான்.

இன்று அல்புமின், இன்சுலின், சீனி.

புதன்

மிதக்கின்றன. பேராசிரியர் எட்டிப் பார்த்து, பசியாக இருக்கும், இன்னும் போடு என்றார். போட்டேன். பால் வாங்க மறந்து, வீட்டில் என் கணவர் ரவிக்கு வெறும் தேத்தண்ணி. மனிசன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

வியாழன்

ஒரு கிண்ணத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டி, தட்டையாகி, உயிரோடு! அந்த இடத்தில் சீரம் ஒரு துளி சிந்தியிருந்தது. கழுவிவிட்டுத்தான் பாவித்தேன்.

கழுவியும் போகாமல் அடியில் ஏதோ படிந்திருக்கிறது; அப்படியென்றால் பசி இல்லை. பிடிக்க இடமில்லாமல் சாகின்றன. பிளாஸ்மாவில் ஃபைப்ரோனெக்டின் என்று பசை மாதிரி ஒரு புரதம் உண்டு. அதை அடியில் பூசிவிட்டுக் கலங்களை விட்டேன்.

இதைக் கேட்ட பக்கத்து மேசை லிண்டா, "ஊர்விட்டு வந்த உங்கள் ஆட்கள் மாதிரி" என்று தலையைச் சாய்த்தாள். எரிச்சல். கலங்கள், அவ்வளவுதான்.

வெள்ளி

இன்குபேட்டரில் வாயு முடிந்துபோயிற்று. யாரும் சிலிண்டர் மாற்றவில்லை. அத்தனையும் போச்சு. கேட்டால் ஆளுக்காள் கையை விரிக்கிறார்கள். திரும்ப முதலிலிருந்து. ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறுதான் ரூஜ் பக்கம் ரவியின் அக்காவின் புது வீட்டுக் குடிபூரல்.

"உதுகள் எப்பிடியும் சாகத்தானே போகுது. ஒரு நாள் விடுமன்," என்றார் ரவி.

"திங்கள் அவர் கேட்டா என்னத்தைக் காட்டுறது?"

"அக்கா கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"



ஞாயிறு

பனி கொட்டுகிறது. பால் காய்ச்சியதும் சாப்பிடாமல் கிளம்பினோம். அக்காவின் முகம் கறுத்துவிட்டது. ஆய்வுகூட வாசலில் ரவியைக் காரில் இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை, பின்னாலேயே மேலே வந்தார்.

கிண்ணத்தை நுணுக்குக்காட்டியில் (மைக்ரோஸ்கோப்) வைத்தேன். எனக்குப் பார்க்கப் பயம். அவரைப் பார்க்கச் சொன்னேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்டும் அசையேல்லை. எல்லாம் அடியிலை ஒட்டிக் கிடக்குது." கண்ணை எடுக்காமல், மெதுவாக, "செத்துப்போச்சுதோ?"

"செத்தால் மிதக்கும். தள்ளுங்கோ, நான் பாக்கவேணும்."